பட்டதா, தொட்டதா?

காற்பந்துக் கேள்விகளுக்கு முன்னாள் நடுவர் ஒருவரின் பதில்கள் – பினாங்கிலிருந்து

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: பந்து கையில் பட்டால் எப்போது தப்பு, எப்போது தப்பில்லை? அதனால் ஆஃப்சைடு கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு ஹேண்ட்பாலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கைப்பந்து என்று எழுதினால் நம் ஊரில் வாலிபால் ஆகிவிடும். ஆகவே ஹேண்ட்பால் என்றே இருக்கட்டும்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. போன வாரம் பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் பந்து அவன் கையில் பட்டு எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார்கள். அணி தோற்றது. "நான் தொடவே இல்லைம்மா, அதுதான் வந்து பட்டது" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவன் சொல்வதைச் சட்டம் கணக்கில் எடுக்காதா?
– ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

அம்மா, எத்தனையோ பெரியவர்கள் சண்டை போட்டும் பிடிபடாத விஷயத்தை உங்கள் மகன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். தமிழில் "பட்டது" வேறு, "தொட்டான்" வேறு. பட்டது என்றால் தானாக நடந்தது. தொட்டான் என்றால் அவன் செய்தது. ரொம்ப காலம் காற்பந்துச் சட்டமும் ஏறக்குறைய இதே பிரிவினையில்தான் நின்றது. வேண்டுமென்றே தொட்டிருந்தால் குற்றம், இல்லையென்றால் ஆட்டம் தொடரட்டும்.

சிக்கல் என்னவென்றால், மனசுக்குள் இருப்பதை விசில் வைத்திருப்பவன் எப்படிப் பார்ப்பான்? அதனால் 2019இல் சட்டப் புத்தகத்தில் மூன்றாவது ஒன்றையும் எழுதினார்கள். கையை விரித்து வைத்து உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கியிருந்தால், பந்து வந்து மோதினாலும் குற்றம். அவன் தொடவில்லை, உண்மைதான். ஆனால் பந்து போகும் வழியில் கையை ஒரு கிளை மாதிரி நீட்டி வைத்திருந்தான். நம் பேச்சில் சொன்னால், பட்டதும் இல்லை, தொட்டதும் இல்லை, பட வைத்தான்.

"இயல்புக்கு மீறி" என்பதற்குப் புத்தகம் ஓர் அளவுகோலும் தருகிறது. அந்த நேரத்தில் அவன் உடம்பு செய்துகொண்டிருந்த அசைவுக்குக் கை அங்கே இருப்பது பொருத்தமா, இல்லையா? எகிறிக் குதிப்பவன் கையை உயர்த்தாமல் குதிக்க முடியாது. ஓடித் திரும்புகிறவன் கை வீசாமல் திரும்ப முடியாது. கையில் பட்டதெல்லாம் குற்றம் ஆகாது என்று புத்தகமே சொல்கிறது. இதை நம் பெற்றோர்கள் திடலோரத்தில் நின்று "கை! கை!" என்று கத்துவதற்கு முன்னால் ஒரு தடவை நினைத்துப் பார்க்கவேண்டும்.

நான் இதை எங்கே கற்றேன் என்று சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில், பகலில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை, சனி ஞாயிறில் விசில். செபராங் பிறையில் ஒரு தோட்டத் திடலில் இறுதி ஆட்டம். மத்தியானம் முழுக்க மழை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வீட்டணியின் பின்வரிசைப் பையன் ஒருவன், பதினாறு வயது இருக்கும், பந்தைத் தடுக்கச் சறுக்கி விழுந்தான். பந்து கையில் பட்டது. எதிரணி ஆதரவாளர்கள் ஒரே குரலில் கத்தினார்கள். விசில் ஊதிவிட்டேன். அந்தப் பையன் எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். மணிக்கட்டு வரை சேறு. எனக்கு அப்போது புரியவில்லை. பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, நாலைந்து அடி தள்ளி ஈர மண்ணில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கைத்தடம் இருந்தது. விழும்போது உடம்பைத் தாங்க அவன் ஊன்றிய கை அது. அந்தக் கைக்கு வேறு போக்கிடமே இல்லை. அதில்தான் பந்து மோதியது.

நான் முடிவை மாற்றியிருக்கலாம். ஆட்டத்தை மறுபடி தொடங்கும் வரை மாற்ற அனுமதி உண்டு. மாற்றவில்லை. கோல் விழுந்தது. அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். எங்கேயாவது இதைப் படித்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

விழும்போது உடம்புக்கும் தரைக்கும் நடுவே ஊன்றிய கையில் பட்டால் குற்றமில்லை என்று பிற்பாடு 2019இல் தனி வரியாகவே எழுதினார்கள். 2021இல் சட்டத்தைச் சுருக்கியபோது அந்த வரி போய்விட்டது. ஆனாலும் ஊன்றிய கை உடம்பின் அசைவுக்குப் பொருத்தமான கைதானே? நல்ல நடுவர் இன்றைக்கும் அதை விட்டுவிடுவார்.

அம்மா, உங்கள் மகனிடம் இதைக் கேளுங்கள்: பந்து வருவதற்கு முன்னால் உன் கை எங்கே இருந்தது? "பக்கத்தில் ஒட்டி இருந்தது" என்றால் நடுவர் தவறியிருக்கலாம். "விரிந்திருந்தது" என்றால் அவன் பொய் சொல்லவில்லை, ஆனால் பெனால்டி சரி. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவன் ஏமாற்றுக்காரன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கை எங்கே தொடங்குகிறது? தோளில் பட்டால்?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

அக்குளின் அடிக்கோட்டுக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். அதற்குக் கீழே கை, மேலே தோள். தோளில் பட்டால் குற்றமில்லை. 2020இல் இதைத் தெளிவாக்கினார்கள். டி-சர்ட் கையின் அளவு என்று சிலர் சொல்வார்கள். அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் நம் பையன்களுக்கு அந்த அளவு முழங்கை வரைக்கும் வரும். அக்குளையே நம்புங்கள்.

2024 யூரோ கோப்பையில் டென்மார்க் ஆட்டக்காரர் விரலில் லேசாகப் பட்டதற்கு ஜெர்மனிக்குப் பெனால்டி. அடுத்த வாரமே ஸ்பெயின் ஆட்டத்தில் குக்குரேயா கையில் பந்து நன்றாகவே மோதியது, ஜெர்மனிக்குப் பெனால்டி இல்லை. திரையில் பார்த்து உதவும் வி.ஏ.ஆர். நடுவர் இருந்தும் இப்படியா?
– பட்டர்வொர்த் வாசகர்

நீங்கள் மட்டும் இல்லை, ஜெர்மனியே இதைக் கேட்டது. ஜூலை 5, ஸ்டுட்கார்ட்டில் காலிறுதி. நமக்கு நள்ளிரவில் தொடங்கிய ஆட்டம். கூடுதல் நேரத்தில் முசியாலா அடித்த பந்து குக்குரேயாவின் இடது கையில் மோதியபோது இங்கே இரண்டு மணி தாண்டிவிட்டது. ஜெலுத்தோங்கில் நான் உட்கார்ந்திருந்த மாமாக் கடையில் ரோட்டி போடுகிற தம்பிகூட கல்லை விட்டுவிட்டு வந்து திரைக்குக் கீழே நின்றான். நடுவர் ஆண்டனி டெய்லர் பெனால்டி கொடுக்கவில்லை. 119ஆவது நிமிஷத்தில் மெரினோ தலையால் முட்டி ஸ்பெயினை 2-1 என்று ஜெயிக்க வைத்தார்.

முதலில் டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். ஜூன் 29, டோர்ட்முண்ட். ஜெர்மனியின் ராவும் என்பவர் உயரமாக அனுப்பிய பந்து ஆண்டர்சனின் விரிந்த கையில் உரசியது. அந்தப் போட்டியில் பந்துக்குள் ஒரு சில்லு வைத்திருந்தார்கள். இதயத் துடிப்பு வரைபடம் மாதிரி திரையில் கோடு ஓடியது, தொட்ட நொடியில் கோடு எகிறியது. ஹாவெர்ட்ஸ் பெனால்டியை அடித்தார்.

ஆனால் யோசியுங்கள், அந்தச் சில்லு என்ன சொன்னது? "பட்டது" என்று சொன்னது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கை இருந்த இடம் நியாயமா என்பதை அதால் சொல்ல முடியாது. அதை ஒரு மனிதன்தான் தீர்மானிக்கவேண்டும். ஆண்டர்சன் ஓடிக்கொண்டிருந்தார், ஓடுகிறவனின் கை கொஞ்சம் விரியத்தான் செய்யும். பந்தும் அடித்த காலிலிருந்து கிட்டத்தில்தான் இருந்தது. நான் கொடுத்திருக்க மாட்டேன். இது என் கருத்து. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிராக வாதாடவும் இடம் இருக்கிறது.

குக்குரேயா விஷயத்தில் நடுவர் பக்க நியாயம் இது: கை கீழ்நோக்கித் தொங்கியது, முதுகுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, பந்தைத் தேடிப் போகவில்லை. அது சரிதான். ஆனால் அது கோலை நோக்கி வந்த பந்து. கை உடம்பை விட்டு விலகித்தான் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பியக் காற்பந்துச் சங்கத்தின் நடுவர் குழு, அதற்குப் பெனால்டி கொடுத்திருக்க வேண்டும், கோலுக்குப் போகும் பந்தைத் தடுக்கும் கையை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்ததாகச் செய்தி வந்தது. ஜெர்மனிக்கு அதனால் என்ன பயன்?

வி.ஏ.ஆர். பற்றி ஒன்று சொல்லவேண்டும். மெதுவாக ஓட்டிக் காட்டினால் எல்லாக் கையும் குற்றம் செய்கிற கை மாதிரியே தெரியும். 2018 உலகக் கோப்பை இறுதியாட்டம், மாஸ்கோ. பிரான்சும் குரோஷியாவும் 1-1 என்று இருக்கும்போது கார்னரிலிருந்து வந்த பந்து குரோஷியாவின் பெரிசிச்சின் கையில் பட்டது. அர்ஜென்டினா நடுவர் பித்தானா திரையைப் பார்த்தார், திரும்பி நடந்தார், மறுபடி போய்ப் பார்த்தார், அப்புறம் பெனால்டி கொடுத்தார். கிரீஸ்மன் அடித்தார், பிரான்ஸ் கடைசியில் 4-2. அந்தப் பந்து பெரிசிச்சுக்கு முன்னால் எகிறிய ஆளைத் தாண்டி, கண்ணுக்குத் தெரிந்த மறுநொடி கையில் இருந்தது. மெதுவாக ஓட்டும்போது அந்த நொடி நீண்டுவிடுகிறது. கை எங்கே பட்டது என்று பார்க்க மெதுவாக ஓட்டுங்கள். வேண்டுமென்றா என்று பார்க்க நிஜ வேகத்தில் ஓட்டுங்கள். இதை நான் இளம் நடுவர்களிடம் எத்தனை தடவை சொன்னாலும் சலிக்கமாட்டேன்.

கோல் அடிக்கிற அணி ஆளின் கையில் தெரியாமல் பட்டால்?
– சுங்கை பாக்காப் வாசகர்

அடித்தவருடைய கையிலேயே பட்டு நேராக உள்ளே போனாலோ, கையில் பட்டவுடனே அவரே அடித்தாலோ கோல் இல்லை, தெரியாமல் பட்டிருந்தாலும் சரி. கூட்டாளியின் கையில் தெரியாமல் பட்டு, இன்னொருவர் அடித்தால் கோல் உண்டு.

முன்பு இரண்டுக்கும் ஒரே தண்டனைதான். 2021 மார்ச் 4, லண்டனில் ஃபுல்ஹாம் – டோட்டன்ஹாம் ஆட்டம். டோட்டன்ஹாம் தற்காப்பு ஆள் வெளியே அடித்த பந்து, பக்கத்தில் நின்ற ஃபுல்ஹாம் ஆட்டக்காரர் லெமினாவின் கையில் மோதி அவர் கூட்டாளி மஜாவிடம் போக, மஜா கோல் அடித்தார். லெமினாவின் கை உடம்போடு ஒட்டித்தான் இருந்தது. கோலை ரத்து செய்தார்கள். ஃபுல்ஹாம் 0-1 என்று தோற்றது. மறுநாள், அதாவது மார்ச் 5, சட்டம் வகுக்கும் சபை கூடி அந்த விதியை மாற்றுவதாக அறிவித்தது. ஒரு நாள் வித்தியாசம்.

உருகுவேயின் சுவாரெஸ் 2010 உலகக் கோப்பையில் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்தாரே, கானாவுக்கு நேராகக் கோல் கொடுத்திருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் ஆகியும் என்னால் மறக்க முடியவில்லை.
– கெப்பாலா பத்தாஸ் வாசகர்

என்னாலும் முடியவில்லை ஐயா. நமக்கு விடியற்காலை நேரம். 120ஆவது நிமிஷம், கானாவின் அடியியா தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சுவாரெஸ் கோல் கீப்பர் மாதிரி இரண்டு கையாலும் தள்ளினார். சிவப்பு அட்டை, பெனால்டி. ஜியான் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டுப் பறந்தது. பிறகு பெனால்டி வரிசையில் உருகுவே 4-2.

சட்டப்படி நடுவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. சட்டத்தில் குறை இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. ரக்பியில், தப்பு நடக்காவிட்டால் அநேகமாக விழுந்திருக்கும் என்ற புள்ளியை நடுவரே கொடுத்துவிடலாம். காற்பந்தில் அப்படி இல்லை. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல்.

இந்தக் கதை பெனால்டி பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 1891 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில், நாட்ஸ் கவுண்டி ஆட்டக்காரர் ஒருவர் இதே மாதிரி கோட்டில் நின்று கையால் தடுத்தார். அப்போது பெனால்டி கிடையாது. ஸ்டோக் அணிக்குக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஃப்ரீ கிக் கொடுத்தார்கள். கோல் கீப்பர் பந்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார், முடிந்தது கதை. அயர்லாந்தின் மெக்ரம் என்ற கோல் கீப்பர் ஏற்கெனவே முன்வைத்திருந்த பெனால்டி யோசனை அதே ஆண்டு ஜூனில் சட்டமானது. ஆக, பெனால்டியே இப்படிப்பட்ட கைக்கு எதிராகக் கொண்டுவந்த ஆயுதம். கானாவுக்கு அந்த ஆயுதம் போதவில்லை. கோட்டில் நின்று வேண்டுமென்றே தடுக்கும் கைக்கு மட்டுமாவது கோலையே கொடுக்கலாம் என்பது என் கட்சி. உள்ளே போயிருக்கும் என்பது ஊகம்தானே என்பார்கள். கீப்பரும் இல்லாத கோலுக்குள் போகும் பந்தைப் பற்றி ஊகிக்க என்ன இருக்கிறது?

2024இலிருந்து ஒரு நல்ல திருத்தம் வந்திருக்கிறது. வேண்டுமென்றே இல்லாமல், கை விரிந்திருந்ததால் மட்டும் கோல் தடுக்கப்பட்டுப் பெனால்டி கொடுத்தால், இப்போது மஞ்சள் அட்டைதான். சுவாரெஸ் செய்ததற்கு இன்றைக்கும் சிவப்புதான்.

கோல் கீப்பர் பெனால்டிப் பெட்டிக்கு உள்ளே நின்று, பெட்டிக்கு வெளியே உள்ள பந்தைப் பிடித்தால்?
– ஜெலுத்தோங் மாணவர்

ஹேண்ட்பால். கால் நிற்கும் இடம் கணக்கில்லை, கை பந்தைத் தொட்ட இடம்தான் கணக்கு. கோடு பெட்டியோடு சேர்ந்தது. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டித் தரும் பந்தையும், த்ரோ-இன் எறிந்து நேரே தரும் பந்தையும் கீப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கையில் எடுக்கக்கூடாது. ஆனால் அதற்குப் பெனால்டி இல்லை, நேராக அடித்துக் கோல் போட முடியாத மறைமுக ஃப்ரீ கிக்தான். 2025இலிருந்து கீப்பர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

கீப்பர் கை என்றதும் நம் மலேசிய அணியின் ஆர். ஆறுமுகம் நினைவுக்கு வருகிறார். அந்த நீளமான கைகளுக்காகத்தான் ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்டது. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போகாமல் நின்ற அணியின் கீப்பர். 1988இல் விபத்தில் போய்விட்டார். உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள் தம்பி.

எங்கள் பள்ளிப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஃப்ரீ கிக்கைத் தடுக்கச் சுவர் மாதிரி வரிசையாக நிற்கும்போது நெஞ்சை மறைத்துக் கையைக் கட்டினால் தப்பா?
– ஓர் ஆசிரியை, நிபோங் திபால்

தப்பில்லை டீச்சர். உடம்போடு ஒட்டி, உடம்பின் அகலத்துக்குள் கை இருந்தால் உடம்பு பெரிதாகவில்லை. பந்து அந்தக் கையில் பட்டால் நான் விசில் ஊத மாட்டேன். முழங்கை இரண்டும் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பந்து வரும்போது அந்தக் கையை முன்னால் தள்ளவும் கூடாது. சுவரில் நிற்பவர்கள் கண்ணை மூடாமல் நிற்கவும் பழக்குங்கள். 2016 பிப்ரவரியில் நம் சிட்டி ஸ்டேடியத்தில் பஹாங்குக்கு எதிராக நம் பினாங்கு அணியின் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் காற்றில் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி உள்ளே விழுந்தது. அந்தக் கோலுக்குத்தான் ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதை ஃபிஃபா கொடுத்தது. நல்ல ஃப்ரீ கிக் எப்பக்கம் திரும்பும் என்று சுவரில் நிற்பவருக்குக் கடைசி வரை தெரியாது.

என் கையில் பட்டுக் கோல் விழுந்தது. நடுவர் பார்க்கவில்லை. நான் சொல்லவேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், வயது 17

சொல்லவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2012 செப்டம்பரில் நாப்போலிக்கு எதிராக லாசியோவின் குளோஸே போட்ட கோலை நடுவர் கொடுத்துவிட்டார். குளோஸே தானே போய்க் கையில் பட்டது என்று சொல்ல, கோல் ரத்தானது. லாசியோ 0-3 என்று தோற்றது. 2009 நவம்பரில் பிரான்சின் ஆன்ரி கையால் பந்தை நிறுத்தி, கலாஸ் கோல் அடித்து, அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போக முடியாமல் போனது. ஆன்ரியும் ஒப்புக்கொண்டார், ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு. நீ எனக்கு எழுதியிருக்கிறாய் என்பதிலேயே உனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன். விசில் வைத்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: நீ சொன்னால் அந்த நடுவர் உன்னை ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

டிவியில் தற்காப்பு ஆட்டக்காரர்கள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தடுக்கிறார்கள். நாங்களும் அப்படியே பழகலாமா?
– பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணித் தலைவர், பிறை

முழு நேரமும் வேண்டாம் தம்பி. கை பின்னால் இருந்தால் திரும்ப முடியாது, நிலை தடுமாறும், எதிராளி ஒரு தட்டில் உன்னைக் கடந்துவிடுவான். எதிராளி அடிப்பதற்காகக் காலைப் பின்னால் இழுப்பான் இல்லையா, அந்த நொடியில் மட்டும் முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டு. அதுவரைக்கும் கை சுதந்திரமாக இருக்கட்டும்.

இதைப் பழக ஒரு வழி சொல்கிறேன். இரண்டு பேர், நடுவே ஆறேழு அடி. ஒருவன் அடிக்கட்டும், ஒருவன் நின்று தடுக்கட்டும். தடுப்பவன் இரண்டு அக்குளிலும் மடித்த தாள் ஒவ்வொன்று செருகிக்கொள்ளட்டும். தாள் விழுந்தால் கை விரிந்துவிட்டது, முறை மாறவேண்டும். முதல் நாள் பத்துக்கு ஏழு தடவை விழும். நின்று தடுக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். ஓடும்போது தாள் வேண்டாம், ஓட்டத்துக்குக் கை வேண்டும்.